மண்ணுக்கா, மக்களுக்கா?

வேட்டை குற்றம் என்கிறது சட்டம். ஏழை ஒருவன் முயலைப் பிடித்தால் கைவிலங்கு. உடும்பைப் பிடித்தால் சிறைக்கதவு. அதே சட்டம், பயிரைக் காக்க வேண்டுமானால் பன்றியை யாமே சுடுவோம் என்கிறது. சுட்ட பின், வீழ்ந்து கிடக்கும் விலங்கைச் சுட்டிக்காட்டி, "இது அரசின் உடைமை, எவரும் தீண்டற்க!" என்று காவல் நிற்கிறது. காவல் நின்று காத்த அந்த உடைமையைக் கருவூலத்திலா வைத்துப் பூட்டப்போகிறது? இல்லை, தோழர்களே! குழியை நிரப்பப்போகிறது. மண்ணுக்கு விருந்து வைத்துவிட்டு மக்களைப் பார்த்துக் கைகழுவிக்கொள்ளும் இந்த வேடிக்கையைப் பற்றியே இப்போது பேச விரும்புகிறோம்.

2025 ஜனவரித் திங்களில் தமிழக அரசு காட்டுப்பன்றி பற்றி ஒரு முடிவினை அறிவித்தது. அப்போது வனத்துறை அமைச்சராக இருந்தவர் விழுப்புரம் மாவட்ட அரசியலிலே வளர்ந்த க. பொன்முடி. காப்புக் காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்து மீண்டும் காட்டில் விடவேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்துவிட்டால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். அன்று அவர் சட்டமன்றத்தில் விளக்கியது இது. உழவன் சுடக்கூடாது. தலைமுறை தலைமுறையாக வேட்டையையே கல்வியாகக் கற்ற இருளர் சுடக்கூடாது. துறையினரே சுடவேண்டும். இருக்கட்டும்; துப்பாக்கி யார் கையில் என்பதைப் பற்றிய வழக்கன்று நம்முடையது. குண்டு பாய்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதே நம் கேள்வி.

உழவன் படும் பாட்டை முதலில் சொல்லிவிடவேண்டும். நம் பக்கத்து மக்கள் மல்லாட்டை என்று வாய்மணக்க அழைக்கும் மணிலாப் பயிர், தென்னார்க்காட்டு மண்ணின் தனிச் செல்வம். நாடெங்கும் பயிராகும் மணிலா இரகங்கள் சிலவற்றின் பெயரில் 'டி.எம்.வி.' என்று மூன்று எழுத்துகள் ஒட்டியிருக்கின்றனவே, அவை வேறெதையும் குறிப்பனவல்ல. நம் திண்டிவனத்தைக் குறிப்பன. அங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஈன்றெடுத்த பிள்ளைகள் அவை. அந்த மணிலா காய்பிடிக்கும் நேரம் பார்த்துப் பன்றிக் கூட்டம் இரவிலே இறங்குகிறது. மாடு மேய்ந்தால் தழை போகும்; வேர் மிஞ்சும். பன்றி மேய்ந்தால் வேரும் போகும், வேரிலே தொங்கிய காயும் போகும், மறுநாள் காலை வரப்பிலே நிற்பவன் முகத்திலே உயிரும் போகும். கரும்புக் கொல்லையிலோ தின்றது பாதி, மிதித்தது மீதி. பழஞ்சேலைகளை வேலியாகக் கட்டிப் பார்க்கிறான் உழவன். தகரத்தைத் தட்டிப் பார்க்கிறான். கடன்காரன் அதற்கெல்லாம் அஞ்சினாலும் அஞ்சுவான், பன்றி அஞ்சுவதில்லை.

இறுதியில் கள்ளத்தனமாக மின்கம்பியை இழுத்து வயலைச் சுற்றிக் கட்டுகிறான். அதிலே பன்றி மட்டுமா சாகிறது? இரவிலே நீர் பாய்ச்சச் சென்ற அடுத்த கொல்லைக்காரன் சாகிறான். 2023 மார்ச்சுத் திங்களில் தருமபுரி மாவட்டத்து மாரண்டஅள்ளிப் பக்கத்திலே இப்படியொரு கம்பியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. குட்டிகள் இரண்டு தாயருகே நின்று தவித்த காட்சியை நாடே கண்டு பதறியது. கம்பி வேண்டாமென்றால், பழத்துக்குள் வெடிமருந்தை வைத்து 'அவுட்டுக்காய்' போடுகிறார்கள். பன்றிக்கு வைத்த காய், பசுவின் வாயைப் பிளக்கிறது. யானையின் தாடையைப் பெயர்க்கிறது. ஆகவே, எல்லை கடந்து வந்த பன்றியைக் கணக்கோடு, கண்காணிப்போடு சுடுவது கொடுமையைக் குறைக்கும் வழிதான் என்பதில் நமக்கு ஐயமில்லை.

சுட்டாயிற்று. பிறகு?

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, கொல்லப்பட்ட காட்டு விலங்கும் அதன் இறைச்சியும் அரசின் உடைமை என்று கூறுகிறது. உடைமை என்றால் பயன்படும் பொருள் என்றல்லவா நாம் எண்ணுவோம்? அரசின் அகராதியிலே அதற்குப் புதைக்கப்படும் பொருள் என்று பொருள்! அண்டை மாநிலமாம் கேரளத்தைப் பாருங்கள். 2022-இல் ஊராட்சித் தலைவர்களுக்கே பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை வழங்கிற்று அந்த அரசு. துணிவான செயல், பாராட்டுகிறோம். ஆனால் சுட்ட பன்றியின்மீது மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைக்கிறார்கள். ஏன் மண்ணெண்ணெய்? குழியைத் தோண்டி எவரேனும் எடுத்துத் தின்றுவிடக் கூடாதாம்! இறைச்சி கெட்டுப்போகுமோ என்று அஞ்சுவதை நாம் அறிவோம். இறைச்சி கெடாமல் இருந்துவிடுமோ என்று அஞ்சும் ஆட்சியை இப்போதுதான் காண்கிறோம்.

இந்த அறிவுடைமை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டிலே வேட்டைக்காரர்கள் தாம் வீழ்த்திய மான் இறைச்சியைப் பசித்தோர்க்கு வழங்கும் இயக்கம் பல மாநிலங்களில் நடக்கிறது. பென்சில்வேனியாவிலும் வர்ஜீனியாவிலும் 1991-இலேயே தொடங்கிவிட்டது அது. காட்டு இறைச்சியை விற்கத் தடை, கொடுக்கத் தடையில்லை. வேட்டைக்காரன் உரிமம் பெற்ற கசாப்புக் கடைக்குக் கொண்டு செல்கிறான். கடைக்காரன் அறுத்துப் பொதிந்து தருகிறான். அது உணவு வங்கிக்குப் போகிறது. அத்தகைய நாட்டிலேயே, லூசியானா மாநிலத்தில், 2013 ஜனவரியில் என்ன நடந்தது? ஷ்ரீவ்போர்ட் நகரில் வீடற்றோர்க்கு உணவளிக்கும் விடுதிக்கு வேட்டைக்காரர்கள் கொடுத்திருந்த மான் இறைச்சி ஏறத்தாழ 1,600 பவுண்டு. நம் கணக்கில் எழுநூறு கிலோவுக்கு மேல். சுகாதாரத்துறையினர் வந்தனர், சட்டப்புத்தகத்தைப் புரட்டினர், அத்தனையையும் குப்பைத் தொட்டியிலே கொட்டி, நாய் நரிகூடத் தின்னாதபடி சலவைக் காரத்தை மேலே ஊற்றினர். அங்கே சலவைக் காரம், இங்கே மண்ணெண்ணெய். கடல் கடந்தும் கைகோத்து நிற்கிறது அதிகாரக் கூட்டத்தின் சிந்தனை!

"பசியா? எங்கே பசி? குடும்ப அட்டைக்கு அரிசி கிடைக்கிறதே!" என்பார் உண்டு. கிடைக்கிறது, மறுக்கவில்லை. தமிழ்நாடு இந்தத் துறையிலே நாட்டுக்கு வழிகாட்டிய மண். 1920-இலேயே சென்னை மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறிட்டவர் தியாகராயர். 1956-இல் காமராசர் அதை நாடளாவ விரித்தார். 1982-இல் அது சத்துணவாயிற்று. 1989-இல் கலைஞர் ஆட்சி அந்தச் சோற்றின்மேல் முட்டையை வைத்தது. 2022-இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. ஆனால், சோறு வயிற்றை நிரப்பும், குருதியை நிரப்புமா? 2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தச்சோகை உடையவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேர். இரும்புச்சத்து ஊசி போடவும், மாத்திரை கொடுக்கவும் திட்டமுண்டு. இரும்பும் புரதமும் செறிந்த இறைச்சியைப் புதைக்கவும் திட்டமுண்டு! ஒரு கை மாத்திரை நீட்டுகிறது. மறு கை மண்ணைத் தள்ளுகிறது.

முட்டையைத் தாண்டி நம் பொது அடுப்புகளில் பெரும்பாலும் புலால் ஏறியதில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2014-இல் அரசே எடுத்த கணக்கில், தமிழகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் புலால் உண்போர். ஆனால் 2013-இல் தொடங்கிய மலிவுவிலை உணவகங்களின் பட்டியலிலே இட்டிலி உண்டு, பொங்கல் உண்டு, தயிர்ச்சோறு உண்டு. கருவாட்டுத் துண்டுகூடக் கிடையாது. தொண்ணூற்றேழு பேர் வீட்டு அடுப்பு ஒருவிதம், அவர்கள் வரிப்பணத்தில் எரியும் அடுப்பு மூன்று பேர் விதம்! இது எவரும் சட்டம் இயற்றிச் செய்ததன்று. பொதுவிலே படைப்பது என்றால் சைவமாகத்தான் இருக்கவேண்டும் என்று நம் மூளைக்குள் யாரோ எழுதிவைத்த எழுத்து. தூய்மை என்றால் எது, தீட்டு என்றால் எது என்று வரையறுத்தவர்கள் யார் என்பதை இந்தப் பக்கங்களைப் படிப்போர்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் யார் வயிற்றிலே அந்த எழுத்து அதிகமாக அடிக்கிறது? இருளர் வயிற்றிலே. ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டு, செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் விறகு வெட்டும் வேலையிலும் முன்பணத்துக்கு அடிமைப்பட்டுக் கிடப்போர் அவர்கள். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் அடித்து மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, தாழ்ந்த நிலத்துக் குடிசைகள் பட்ட பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ! காவல்துறையிடம் அவர்கள் பட்ட பாடோ தனி வரலாறு. 1993-இல் அத்தியூர், 2011-இல் தி. மண்டபம். இருளர் பெண்களுக்கு நேர்ந்த கொடுமைகளின் பெயராக நிற்கின்றன இந்த ஊர்கள். திண்டிவனத்தில் பேராசிரியர் கல்யாணி முதலானோர் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் கண்டதே இத்தகைய கொடுமையை எதிர்க்கத்தான்.

இந்த மக்களுக்கு ஒரு காலத்தில் காடும் கரம்பும் சோறு போட்டன. பாம்புத் தோலும் காசு தந்தது. 1972-இல் சட்டம் வந்தது. எஞ்சியிருந்த வேட்டை உரிமங்களும் 1991 திருத்தத்தோடு மூடப்பட்டன. துரைமார் பொழுதுபோக்குக்குப் புலி சுட்டதும், சமீன்தார் சுவரிலே மாட்டுவதற்கு மான் தலை தேடியதும், காடுகளை வெட்டித் தோட்டம் போட்டதும் சேர்ந்து விலங்கினத்தை அழித்தன. அதற்கு அபராதம் கட்டியவன், எலி வளையைத் தோண்டிப் பிழைத்த இருளன்! சட்டம் தேவையில்லை என்று நாம் சொல்லவில்லை. அச்சட்டம் இல்லையென்றால் இன்று காட்டிலே காகம்தான் மிஞ்சியிருக்கும். ஆனால், உணவைப் பறித்தபோது ஈடாக என்ன கொடுத்தீர் என்று கேட்கிறோம். வழக்கு கொடுத்தீர், வாய்தா கொடுத்தீர். வேறென்ன?

வரலாறு அறிந்தோர் இங்கே ஒன்றை நினைவுகூர வேண்டும். வேட்டுவன் தன் இறைச்சியைப் பசித்தவனுக்கு வழங்கும் காட்சியை அமெரிக்காவிலே தேடவேண்டியதில்லை, திண்டிவனத்திலேயே இருக்கிறது. இற்றைத் திண்டிவனமும் மரக்காணமும் சேர்ந்த பகுதிதான் சங்க காலத்து ஓய்மாநாடு. அதன் வேந்தன் நல்லியக்கோடன், ஊர் கிடங்கில். திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கல்தான் அது. அவனை நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையைப் புரட்டுங்கள். பாணன் வீட்டு அடுக்களையிலே காளான் பூத்திருக்கிறது. ஈன்ற நாய் பாலின்றிக் கதறுகிறது. இல்லத்தாள் குப்பைக் கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, ஊரார் கண்டு இழித்துரைப்பரே என்று நாணிக் கதவை அடைத்து உண்கிறாள். பசியைப் பாடிய உலக இலக்கியத்திலே இதற்கு ஈடு சொல்லுதல் அரிது. அந்தப் பாணனுக்கு வழியிலே யார் யார் சோறு போடுகிறார்கள்? கடற்கரை எயிற்பட்டினத்தில் பரதவர் வீட்டில் சுட்ட மீன். முல்லை நிலத்து வேலூரில், உப்புவேலூர் என்பர், எயினர் குலத்துப் பெண்கள் சமைத்த புளிச்சோறும் ஆமான் சூட்டிறைச்சியும்! மருதநிலத்து ஆமூரில் வெண்சோறும் நண்டும். வேட்டுவர் வீட்டு இறைச்சி, வந்தவன் தட்டிலே முதல் மரியாதையோடு விழுகிறது. எவரும் மண்ணெண்ணெய் ஊற்றவில்லை. (திண்டிவனம் என்ற பெயரே புளியங்காட்டின் வடமொழி வேடம்தான் என்பர். புளிச்சோறு இட்ட ஊருக்கு ஏற்ற பெயர்தான். தமிழிலே இருந்திருந்தால் இன்னும் மணக்கும்.)

"புலவர்கள் பாடியது பழங்கதை, பக்தி நெறி வந்த பிறகு புலால் விலக்கப்பட்டதே!" என்று உருத்திராட்சத்தை உருட்டுவோரிடம், சேக்கிழாரைக் கொண்டே பேசுவோம். கண்ணப்பன் யார்? உடுப்பூர் வேடன். எதைக் கொண்டு போய்ப் படைத்தான்? தான் கொன்ற காட்டுப்பன்றியின் இறைச்சியை. தீயிலே வாட்டி, தன் பல்லாலே மென்று சுவை பார்த்த இறைச்சியை. முறைப்படி பூசை செய்துவந்த சிவகோசரியார் பதறினார். இறைவனோ வேடன் படைத்ததே இனிது என்றானாம். அக்கதையைப் பெரிய எழுத்திலே அச்சிட்டுப் படிக்கிறார்கள். கண்ணப்பனுக்குச் சிலை வைத்துக் கும்பிடுகிறார்கள். நாம் கேட்பது இதுதான்: கல்லுக்கு முன்னே வைத்தபோது மணந்த பன்றி இறைச்சி, கஞ்சி இல்லாதவன் முன்னே வைக்கும்போது மட்டும் நாறுவானேன்? உண்ணாத வாய்க்கு ஊட்டியவன் நாயன்மார் வரிசையில். உண்ணத் தவிக்கும் வாய்க்கு ஊட்டினால் குற்றவாளிக் கூண்டிலே!

இன்னொரு கூட்டம், பன்றியைத் திருமாலின் வராக அவதாரம் என்கிறது. பக்கத்துத் திருவண்ணாமலைப் புராணத்திலே அதே திருமால் பன்றியாகி, அடி காண மண்ணைக் குடைந்துகொண்டே போனாராம், காணவில்லையாம். இன்றைய பன்றி மல்லாட்டையைத் தேடிக் குடைகிறது. ஒரு காய் விடாமல் கண்டுபிடிக்கிறது. அவதாரத்தைவிட ஆற்றல் மிக்கது அல்லவா! இந்த நாட்டிலே பெயர்கூடப் பாதுகாப்பு தரும். வடநாட்டு நீல்காய், மானினத்தைச் சேர்ந்தது; பெயரிலே பசு ஒட்டிக்கொண்டதால் புனிதமும் ஒட்டிக்கொண்டது. 2016-இல் பீகாரில் பயிரழித்த நீல்காய்கள் இருநூற்றுக்கு மேல் சுடப்பட்டபோது, ஒன்றிய அமைச்சர்கள் இருவரே, மேனகா காந்தியும் பிரகாஷ் ஜவடேகரும், வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள்.

கருணையின் பேரால் பேசுவோரிலும் உண்மையாளர் உண்டு, மறுக்கமாட்டோம். வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. அது நம் பழைய தென்னார்க்காட்டின் பெருமை. அவர் கொல்லாமை பேசினார். ஆனால் பசியைக் கண்டால் முதலில் பசியைத்தான் பேசினார். கொல்லாமை நோன்பு நோற்போர்க்கு நம் மறுமொழி எளிது: கொல்வது அரசு, கொல்வதென்று முடிவு செய்ததும் அரசு, அதைத் தடுக்க முடியுமானால் தடுங்கள். தடுக்கவில்லை, கொலை நடந்துவிட்டது என்றால், அந்த உடல் புழுவுக்கு உணவாவதில் எந்த அறம் வாழ்கிறது?

காட்டுயிர் அன்பர்கள் எழுப்பும் எதிர்ப்பு இவற்றைவிடக் கனமானது. "இறைச்சி கிடைக்கும் என்று வந்துவிட்டால், பயிரழிப்பு என்று பொய் சொல்லிப் பன்றியைச் சுடுவார்கள், பன்றி என்று சொல்லி மானையும் சுடுவார்கள், சந்தை தோன்றும், காடு காலியாகும்" என்கிறார்கள். இந்த அச்சம் வெறுங்கற்பனையன்று. காட்டுப்பன்றி சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரை. அதை ஒழித்தால் சிறுத்தை ஊருக்குள் ஆட்டைத் தேடி வரும். 2021 டிசம்பரில் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட நம் கழுவெளியிலும் நீர்ப்பறவைக்குக் கண்ணி வைப்பவன் ஓயவில்லை. ஆகவே தெளிவாகச் சொல்கிறோம்: புதிதாக ஒரு விலங்கைக்கூடக் கொல்லச் சொல்லவில்லை நாம். எல்லைக்கு அப்பால், ஆணைப்படி, துறையினர் சுட்டு, கணக்கேட்டிலே பதிந்த பன்றி. அது மட்டுமே. விலை கிடையாது, சந்தை கிடையாது. விற்றால் குற்றம் என்ற விதி இறுகியே நிற்கட்டும். கொடுத்தால் குற்றம் என்ற விதிதான் ஒழியவேண்டும்.

"வேட்டைக்காரனைச் சட்டத்துக்குள் கொண்டுவர முடியுமா?" என்று ஐயுறுவோர் வடநெம்மேலிக்குப் போய்ப் பார்க்கட்டும். பாம்புத்தோல் வணிகம் தடைபட்டபின் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை குறிக்கும் அளவுக்குள் பிடிக்கிறார்கள், நஞ்சைக் கறக்கிறார்கள், திரும்பக் காட்டிலே விடுகிறார்கள். நாட்டிலே பாம்புக்கடிக்கு மருந்து செய்யப் பயன்படும் நஞ்சிலே பெரும்பங்கு அவர்கள் கையால் கறந்தது. 2023-இல் அவ்வினத்தவர் இருவர்க்கு, வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும், பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. நேற்றுக் குற்றம் என்ற தொழில், ஒழுங்குபடுத்தியபோது நாட்டின் உயிர் காக்கும் தொழிலாயிற்று. பாம்பிலே முடிந்தது பன்றியிலே முடியாதா?

இனி, நலவாழ்வுத் துறையினர் கேட்கும் கேள்வி. நாம் பகுத்தறிவு பேசுவோர். ஆகவே இதிலே கண்ணை மூடிக்கொள்ள நமக்கு உரிமையில்லை. காட்டுப்பன்றி இறைச்சியில் திரிக்கினெல்லா என்னும் நுண்புழு இருக்கக்கூடும். அரைவேக்காட்டில் உண்டால் மனிதன் தசையிலே குடியேறும். ஜெர்மனியிலே காட்டுப்பன்றி ஒவ்வொன்றின் தசையையும் ஆய்ந்து பார்த்த பிறகே உண்ண விடுகிறார்கள். பவேரியப் பகுதியில் 1986 செர்னோபில் விபத்துக்குப்பின் கதிரியக்கத்தையும் அளந்து பார்க்கிறார்கள். ஆய்வு கடினம் என்று அவர்கள் குழி தோண்டவில்லை. அடுத்தது ஈயம். குண்டு உடலுள்ளே சிதறும்போது கண்ணுக்குத் தெரியாத ஈயத்துகள் இறைச்சியெங்கும் பரவும். 2008-இல் அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில், தானமாக வந்த அரைத்த மான் இறைச்சியிலே ஈயம் இருப்பது தெரிந்து, உணவு வங்கிகளிலிருந்து அதை அகற்றச் சொன்னார்கள். மருந்து என்ன? செம்புக் குண்டு, குண்டு பாய்ந்த பகுதியை அகலமாக வெட்டியெறிதல், பிள்ளைகளுக்கும் கருவுற்றோர்க்கும் ஐயத்துக்கிடமான இறைச்சியைக் கொடாமை. 2023 தொடக்கத்தில் முதுமலைப் பக்கத்தில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலால் செத்து விழுந்தன. அந்நோய் மனிதனைத் தொற்றாது. ஆனால் வளர்ப்புப் பன்றிகளை அழித்துவிடும். ஆகவே நோயுற்றதைக் கட்டாயம் புதைக்கத்தான் வேண்டும். புதைப்பதற்கு நாம் எதிரியல்லோம். பார்க்காமல் புதைப்பதற்குத்தான் எதிரி.

உண்மையான இடர் நம் வெயில். சித்திரையிலே சுட்ட பன்றி, குடலெடுத்துக் குளிர்விக்காவிட்டால் சில மணி நேரத்திலே கெட்டுவிடும். அமெரிக்கக் குளிரில் மரத்திலே தொங்கவிட்டுவிட்டுத் தேநீர் பருகப் போகலாம், விழுப்புரத்திலே முடியாது. ஆனால் மரக்காணம் முதல் கோட்டக்குப்பம் வரை குப்பந்தோறும் மீனை ஐஸில் இட்டுக் காக்கத் தெரிந்த மக்கள் இருக்கிறார்கள். மீன் காக்கும் ஐஸ் பன்றியைக் காக்காதா? கால்நடை மருத்துவர் உண்டு, வண்டி உண்டு, அலைபேசி உண்டு. சுடச் செல்லும் குழுவோடு மருத்துவர் ஒருவரும் ஐஸ் பெட்டியும் செல்லவேண்டும். ஆய்ந்து நன்று என்றால் பங்கு; ஐயம் என்றால் குழி. அறுக்கும் கைத்திறன் இருளரிடமும் நரிக்குறவரிடமும் இருக்கிறது. அந்த வேலைக்கு அரசு கூலி கொடுக்கட்டும்.

எல்லாருக்கும் பொதுவான அண்டாவிலே இதைக் கலக்கச் சொல்லவில்லை என்பதையும் அழுத்திச் சொல்கிறோம். பன்றியை விலக்கும் இசுலாமியத் தோழர் உண்டு. புலாலையே விலக்குவோர் உண்டு. பள்ளிக்கூடச் சத்துணவுக்கு இது வேண்டவே வேண்டாம். விரும்பிக் கேட்கும் குடும்பத்துக்கு, நன்கு வேகவைக்கும் முறையைச் சொல்லி, பச்சை இறைச்சியாகப் பிரித்துக் கொடுப்பதே முறை.

நம் தோழர்களுள் சிலரே முகம் சுளிப்பதை அறிவோம். "அரசு எறியப் போவதை ஏழைக்குக் கொடுக்கச் சொல்கிறீர்களே; இது தன்மானமா? எச்சில் இலை அரசியலன்றோ?" என்கிறார்கள். எல்லா எதிர்ப்பிலும் நம்மை நின்று சிந்திக்க வைத்தது இதுதான். கொடுப்பவன் மேலே, ஏற்பவன் கீழே என்ற ஏணியை உடைக்கவே பிறந்த நாம், புதிதாக ஓர் ஏணியைச் சாத்தலாமா? சாத்தமாட்டோம். அதனாலேயே தானம் என்ற சொல்லை இங்கே நாம் ஏற்பதில்லை. அமெரிக்க வேட்டைக்காரன் துப்பாக்கி அவனுடையது, மான் அவனுடையது, கொடுத்தால் தானம். இங்கே பன்றி யாருடையது? அரசின் உடைமை. அரசு யாருடையது? மக்களுடையது. காட்டை இழந்து, வேட்டையை இழந்து, ஈடு பெறாமல் நிற்கும் மக்களுக்கு அந்த உடைமையிலே கிடைப்பது பங்கு, பிச்சையன்று. அதைக் கொடுத்துவிட்டோம் என்று சொல்லி, மனைப்பட்டாவையும் சாதிச் சான்றிதழையும் கொத்தடிமை மீட்பையும் நிறுத்திவைக்க எவரேனும் நினைத்தால், அந்தப் பங்கை அவர் முகத்திலேயே எறியவும் நாம் முன்னிற்போம். புகைப்படக்காரனை அழைத்துவந்து, பொட்டலத்தோடு பல்லைக் காட்டும் திருவிழாவுக்கும் இங்கே இடமில்லை.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டுமே, தில்லிக்கல்லவா போகவேண்டும் என்று தயங்குவோர், அதே 39-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவைப் படிக்கட்டும். தலைமை வனவிலங்குக் காப்பாளரோ, அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ எழுத்து மூலம் முன் அனுமதி அளிக்காமல் அந்த உடைமையை எவரும் வைத்திருக்கவோ, பிறருக்கு மாற்றவோ கூடாது என்று இருக்கிறது அங்கே. அனுமதியில்லாமல் கூடாது என்றால், அனுமதியோடு கூடும் என்பதுதானே தமிழ்? கதவு இருக்கிறது, சாவி சென்னையிலே இருக்கிறது. வழக்கறிஞர் தோழர்கள் இதை ஆராய்ந்து முறைப்படி ஒரு விண்ணப்பம் எழுதித் தரவேண்டும்.

அதுவரை, விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து இளைஞர்கள் செய்யவேண்டியது உண்டு. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்திலே மக்கள் குறைகேட்பு நாள் நடக்கிறது. உழவர் குறைகேட்புக் கூட்டமும் தனியே கூடுகிறது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டமும் கையிலே இருக்கிறது. நம் மாவட்டத்திலே 2025 ஆணைக்குப்பின் சுடப்பட்ட பன்றிகள் எத்தனை, எந்தெந்த ஊரில், எத்தனையைக் கால்நடை மருத்துவர் ஆய்ந்தார், ஒவ்வொன்றும் எங்கே எவ்வாறு அகற்றப்பட்டது என்று கேட்டு எழுதுங்கள். பயிரிழந்த உழவரையும் இருளர் சங்கத்தாரையும் ஒரே விண்ணப்பத்திலே கையெழுத்திடச் செய்யுங்கள். வரும் மறுமொழியை நமக்கு அனுப்புங்கள், அப்படியே அச்சிடுகிறோம்.